புளியங்கொட்டை கலர்ல ஒரு துள்ளி

லேப்டாப்ல "பாம் பாப்"னு ஒரு வண்ணத்துப்பூச்சி பேர்ல ஃபோல்டர் வச்சிருந்தேன், உள்ள 61 போட்டோ. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கல்லாறு போய், மண்ணுல முட்டி தேய உக்காந்து எடுத்தது. போன மாசம் பொறுமையா ஒவ்வொன்னா பெருசு பண்ணிப் பார்த்தப்ப தான் தெரிஞ்சுது, அந்த 61-ல ஒன்னுகூட பாம் பாப் இல்ல. அத்தனையும் வேற ஒரு பூச்சி. அதையும் கண்டுபிடிச்சது நான் இல்ல, அஞ்சாவது படிக்கற என் பொண்ணு. அந்தக் கதை தான் இது, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி ரோட்டுல மலை ஏறறதுக்கு முன்னாடி கல்லாறு வரும்ல, ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பிக்கற இடம். அங்க பூராவும் பாக்குத் தோப்பு. வெளிய அடிக்கற வெயிலுக்கும் தோப்புக்குள்ள இருக்கற குளுமைக்கும் சம்பந்தமே இருக்காது. கூட வேலை செய்யற நண்பரோட மாமனாருக்கு அங்க ஒரு தோப்பு இருக்கு. தோப்புக்குப் பின்னாடி ஒரு ஓடை, ஓடையை ஒட்டி முள்ளு மூங்கில் பொதர், அதைத் தாண்டினா காடு. யானை வர்ற தடம். அதனால காலைல எட்டு மணிக்கு முன்னாடி ஓடைப் பக்கம் போகக்கூடாது, சாயங்காலம் அஞ்சுக்கு மேல தோப்புலயே நிக்கக்கூடாதுன்னு காவலுக்கு இருக்கற ஐயா முதல் நாளே சொல்லிட்டார். மேட்டுப்பாளையத்துல 7.10-க்குக் கிளம்பற ரயில் கூவிட்டுப் போனதுக்கு அப்புறம், அவர் டீ போட்டுக் குடிச்சு, எனக்கும் ஒரு டம்ளர் குடுத்து, அதுக்கு மேல தான் உள்ள விடுவார்.

முதல் தடவை அந்தப் பூச்சியைப் பார்த்தது வாய்க்கால் ஓரத்துல. விழுந்து கிடந்த பாக்கு மட்டை மேல ஒரு துண்டு வெயில், உள்ளங்கை அளவு இருக்கும், அதுல நடுவுல பழுப்பா ஏதோ ஒட்டியிருந்துது. காஞ்ச சருகோட துணுக்குன்னு நினைச்சுத் தாண்டப் போனேன், டப்புனு எழும்பி மூணடி தள்ளி ஒரு புல்லு மேல உக்காந்துது. நான் கேமராவை எடுக்கறதைப் பார்த்துட்டு ஐயா கேட்டார், "என்னங் தம்பி, அந்திப்பூச்சியைப் போய் படம் புடிக்கறீங்க?" நான் இது வண்ணத்துப்பூச்சிங்க ஐயான்னேன். அவர் குனிஞ்சு பார்த்துட்டு, "வண்ணத்துப்பூச்சின்னு சொல்றீங்க, வண்ணத்தைக் காணமே"ன்னார்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நியாயமான கேள்வி தானே. பேர்லயே வண்ணத்தை வச்சுட்டோம், இது என்னடான்னா உடுத்திப் பழசான வேட்டியைச் சாயத்தண்ணில முக்கி எடுத்த மாதிரி வந்து உக்காந்திருக்கு. 2019-ல தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியா அறிவிச்சாங்க, ஆரஞ்சுக் கலர்ல ஜம்முனு இருக்கும், போஸ்டர் அடிக்கலாம், ஸ்கூல் சுவத்துல வரையலாம். இதை எவன் வரைவான்.

ஆனா இது அந்துப்பூச்சி இல்ல, அது மட்டும் எனக்கு நிச்சயம். எப்படின்னா கொம்பு. தலையில இருக்கற ரெண்டு உணர்கொம்பு, அந்துப்பூச்சிக்கு பெரும்பாலும் நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும், வண்ணத்துப்பூச்சிக்கு நுனி தடிச்சு தீக்குச்சி மாதிரி இருக்கும். இதுக்கு ரெண்டும் இல்லாம, நுனி தடிச்சு அதுக்கு மேல லேசா வளைஞ்சு தொரட்டி மாதிரி இருந்துது. அந்தத் தொரட்டி இருந்தா ஸ்கிப்பர் குடும்பம். ரெண்டு கொம்பும் ஒன்னுக்கொன்னு தள்ளித் தள்ளி முளைச்சிருக்கும், தலை அகலமா, நெஞ்சு குண்டா, உடம்புக்கு இறக்கை சின்னதா, மொத்தத்துல ஜிம்முக்குப் போய் மேல மட்டும் ஏத்தின பையன் மாதிரி இருக்கும். அந்த நெஞ்சுத் தசையால தான் இதுக பறக்கறதே இல்ல, தெறிக்குதுங்க. தமிழ்ல இதுக்கு ஒரு பேரு வேணும்ல, நான் துள்ளின்னு தான் சொல்லிக்கறேன். இந்தத் துள்ளிக் குடும்பத்தை முன்னாடியெல்லாம் மத்த வண்ணத்துப்பூச்சிகள்ல இருந்து பிரிச்சு தனிக்குடித்தனம் வச்சிருந்தாங்க, அப்புறம் டிஎன்ஏ வச்சுப் பார்த்துட்டு, இல்ல இதும் நம்ம கூட்டுக்குடும்பம் தான்னு உள்ள சேர்த்துக்கிட்டாங்க. இந்தியாவுல மட்டும் 300 வகைக்கு மேல இருக்கு, அதுல முக்காவாசி பழுப்பு. இப்ப புரியுதா எங்க கஷ்டம்.

சரி, இனி என் தப்புக்கு வர்றேன்.

பழுப்பு, சின்னது, ஸ்கிப்பர், பாக்குத் தோப்பு. இதை நாலையும் கூட்டினா என்ன வரும்? பனை, தென்னை, ஈச்சை, பாக்கு இந்த மாதிரி பனை வகை மரத்துல முட்டை வைக்கற பாம் பாப்னு ஒரு துள்ளி இருக்கு, டவுன்ல அழகுக்கு வைக்கற பனை தொட்டியில கூட வளரும், ரொம்ப சாதாரணம். ஆஹா இது தான்னு முடிவு பண்ணிட்டேன். தோப்பு பூரா பாக்கு மரம், நான் நிக்கறது பாக்கு மட்டை மேல, பூச்சி உக்காந்திருக்கறதும் பாக்கு மட்டை மேல, வேற என்னவா இருக்கும்? போட்டோ அடையாளம் சொல்ற ஒரு ஆப்ல போட்டுப் பார்த்தேன், அது மூணு பேரு குடுத்துது, அதுல மூணாவதா பாம் பாப் இருந்துது. மூணாவதா இருந்ததை எடுத்துக்கிட்டு முதல் ரெண்டைப் படிக்கக்கூட இல்ல. நமக்கு வேணுங்கறது கண்ணுல பட்டா மத்தது எங்க தெரியுது.

இன்னொரு தப்பும் பண்ணினேன், அது தான் பெருசு. எல்லா போட்டோவையும் மேல இருந்து எடுத்தேன். இறக்கை விரிச்சிருக்கறப்ப தானே அழகு, விரிச்சு வெயில் காயறப்ப காத்திருந்து காத்திருந்து மேல் பக்கத்தையே எடுத்துட்டேன். துள்ளிகள்ல மேல் பக்கம்கறது பெரும்பாலும் வாய் திறக்காத சாட்சி மாதிரி, ஒன்னும் சொல்லாது. பழுப்பு, அவ்வளவு தான். சாட்சி சொல்றது அடிப்பக்கம், அதாவது இறக்கையை மூடி உக்காந்தா வெளிய தெரியற பக்கம். என்னோட 61-ல அடிப்பக்கம் தெரியற மாதிரி இருந்தது ஒன்பதோ பத்தோ, அதையும் நல்லா வரலன்னு சொல்லி பெருசு பண்ணிப் பார்க்கவே இல்ல.

போன மாசம் பரீட்சை லீவுல பொண்ணு பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருந்தா. நான் ரொம்பத் தெரிஞ்ச மாதிரி, "இது பாம் பாப் கண்ணு, பின் இறக்கையோட அடிப்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பா இருக்கும், அதுல கருப்புப் புள்ளி மூணு நாலு இருக்கும், அதான் அடையாளம்"னு விளக்கம் குடுத்தேன். புஸ்தகத்துல இருக்கறதை அப்படியே ஒப்பிச்சேன். அவ ஸ்கிரீன்கிட்ட மூஞ்சியைக் கொண்டுபோய்ப் பார்த்துட்டு சொன்னா, "அப்பா, இதுல புள்ளி கருப்பா இல்லயே, வெள்ளையால்ல இருக்கு."

பார்த்தேன். வெள்ளை. வெள்ளைன்னு கூட சொல்லக்கூடாது, வெள்ளி. நல்ல செம்பழுப்புல ஊசி முனையால வெள்ளியைத் தொட்டுத் தொட்டு வச்ச மாதிரி சின்னச் சின்னதா. சாம்பல் கலரும் இல்ல ஒன்னும் இல்ல. அடுத்த போட்டோ, அதுலயும் வெள்ளி. அதுக்கு அடுத்தது, அதுலயும். நாலு மாசமா கண்ணு முன்னாடி இருந்திருக்கு.

பேரு செஸ்ட்நட் பாப். அதாவது அதுவும் ஒரு பாப் தான், பேர்ல பாதி சரியா சொல்லியிருக்கேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன், ஆனா பேர்ல தான் சொந்தம், ரெண்டும் வேற வேற பேரினம். அறிவியல் பேரு இயாம்ப்ரிக்ஸ் சல்சாலா, ஃப்ரெட்ரிக் மூர்னு ஒரு ஆங்கிலேயர் 19-ம் நூற்றாண்டுல வச்சது. லண்டன்ல கிழக்கிந்தியக் கம்பெனியோட மியூசியத்துல வேலை பார்த்தவர், நம்ம ஊர்ப் பூச்சிக ஏகப்பட்டதுக்குப் பேரு வச்சவர். செஸ்ட்நட்னா என்னப்பான்னு பொண்ணு கேட்டா. அது ஒரு கொட்டைம்மா, குளிர் நாட்டுல விளையும், நான் தின்னதில்லன்னேன். அப்ப அந்தக் கலர் எப்படி இருக்கும்னா. யோசிச்சுப் பார்த்தா நம்ம புளியங்கொட்டை தான், தரையில தேய்ச்சுச் சூடு வைக்கறதுக்கு முன்னாடி பளபளன்னு கருஞ்செவப்பா இருக்கும்ல, அதே கலர். "அப்ப புளியங்கொட்டைத் துள்ளின்னு வைப்பா"ன்னா. வச்சாச்சு. எங்க வீட்டளவுல இது இனிமேல் புளியங்கொட்டைத் துள்ளி.

இப்ப யாராவது இதைத் தேடிப் போறீங்கன்னா உதவியா இருக்கட்டும்னு நான் பார்த்ததைச் சொல்றேன். ரொம்பச் சின்னது, இறக்கை விரிச்சா 3 சென்டிமீட்டர் வந்தா அதிகம். மேல் பக்கம் கரும்பழுப்பு, முன் இறக்கையில மட்டும் சிலதுக்குச் செம்புத் தூளைத் தூவி ஊதிவிட்ட மாதிரி ஒரு மங்கல் இருக்கும், வெயில் சாய்ஞ்சு விழுந்தா தான் தெரியும். அடிப்பக்கம் தான் நான் சொன்ன புளியங்கொட்டை, அதுல வெள்ளிப் புள்ளிகள். புள்ளி எல்லாத்துக்கும் ஒரே எண்ணிக்கையில இருக்கும்னு நினைச்சுக்காதீங்க, சிலதுக்கு ஒன்னு ரெண்டு பளிச்சுனு இருக்கும், மத்தது இருக்கா இல்லயான்னு இருக்கும், இறக்கை பழசாகி செதில் உதிர்ந்ததுக்கு சுத்தமா அழிஞ்சே போயிருக்கும். அப்படி அழிஞ்சு போனதைப் பார்த்தா விட்டுருங்க, பேரு போட்டே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்ல.

வேற எதோட எல்லாம் குழம்பும்னா, வயக்காட்டுப் பக்கம் திரியற ஸ்விஃப்ட்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுகளும் பழுப்பு, ஆனா முன் இறக்கையில ஒளி ஊடுருவற மாதிரி வெள்ளை ஜன்னல்கள் இருக்கும். அந்த ஸ்விஃப்ட்டுக்குள்ள எது எதுன்னு பிரிக்கறது வேற தலைவலி, நான் அந்தப் பக்கமே போறதில்ல. ஃப்ளாட்னு ஒரு கூட்டம், இறக்கையைத் தட்டையா விரிச்சு இலைக்கு அடியில போய் ஒட்டிக்கும். ஆல்னு ஒரு கூட்டம், அதுவும் இலைக்கு அடியில, ஆனா இறக்கையை மூடிக்கிட்டு. நம்ம புளியங்கொட்டை இருக்கற கூட்டம் புல் துள்ளிகள், இதுக வெயில் காயற விதமே தனி, பின் இறக்கை ரெண்டையும் தட்டையா விரிச்சு வச்சுட்டு முன் இறக்கை ரெண்டையும் பாதி மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கும், பார்க்க ஜெட் விமானம் கிளம்பத் தயாரா நிக்கற மாதிரி இருக்கும். உக்கார்ற விதத்தைப் பார்த்தே எந்தக் கூட்டம்னு பாதி சொல்லிரலாம். கலரைப் பார்க்கறதை விட்டுட்டு இதைப் பார்த்திருந்தா எனக்கு நாலு மாசம் மிச்சமாகியிருக்கும்னு சொல்ல வந்தேன், ஆனா பாம் பாப்பும் அதே மாதிரி தான் உக்காரும், அதனால மிச்சமாகியிருக்காது.

பேரு தெரிஞ்சதுக்கு அப்புறம் தோப்புக்குப் போனது வேற மாதிரி இருந்துது. முன்னாடி பூச்சியைத் துரத்துவேன், இப்ப உக்காந்துட்டேன். ஒன்பது மணிக்கு மேல மரங்களுக்கு நடுவுல வெயில் துண்டு துண்டா தரைக்கு இறங்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆள் மாதிரி வந்து உக்காரும் இதுக. முழங்கால் உசரத்துக்கு மேல போய் நான் அதிகம் பார்த்ததில்ல. மத்த துள்ளிக கண்ணு சிமிட்டறதுக்குள்ள காணாமப் போயிரும், இது அப்படி இல்ல, எழும்பினா ரெண்டு மூணு அடி, கொஞ்சம் தத்தித் தத்தி, அப்புறம் உக்காந்துக்கும். அதனால தான் எனக்கு 61 போட்டோ கிடைச்சுது, வேற துள்ளியா இருந்தா 6 கிடைச்சிருக்காது.

ஒரு நாள் ஒரே பூச்சியை முக்கால் மணி நேரம் பார்த்துட்டு இருந்தேன். வாய்க்கால் மேட்டுல ஒரு புல்லு, நுனி வளைஞ்சு இருந்துது, அதுல தான் அதோட இருப்பு. வேற துள்ளி வந்தா பாய்ஞ்சு துரத்திட்டு வரும். ஈ வந்தாலும் துரத்தும். ஒரு தடவை மேல இருந்து பாக்குப் பூக்காம்பு துணுக்கு ஒன்னு விழுந்துது, அதையும் விடல, போய்ப் பார்த்துட்டு வந்துது. வந்து அதே புல்லு, அதே நுனி, அதே திசை பார்த்து. டீக்கடை பெஞ்சுல தினமும் ஒரே மூலையில உக்கார்ற ஆளுங்க இருப்பாங்கல்ல. துள்ளிகள்ல ஆண்பூச்சி இப்படி ஒரு இடத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் போற வர்றதை எல்லாம் விசாரிக்கறது வழக்கம், பெண்பூச்சி அந்தப் பக்கமா வந்தா பிடிச்சுரலாம்னு. அதனால போட்டோ எடுக்கறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், பறந்து போச்சுன்னா பின்னாடி ஓடாதீங்க, இருந்த இடத்துலயே அசையாம உக்காருங்க, நிழலு அது மேல விழாம பார்த்துக்கோங்க, பத்துக்கு ஏழு தடவை அதுவே திரும்பி வரும்.

பூவுக்கும் வரும். வெட்டுக்காயப் பூண்டு தான் ரொம்பப் பிடிக்கும் போல, அந்த மஞ்சள் நடு வெள்ளை ஓரம் வச்ச சின்னப் பூ, ரோட்டோரம் பூரா கிடக்குமே. உண்ணிச்செடியிலயும் பார்த்திருக்கேன். உறிஞ்சுகுழல் உடம்பு நீளத்துக்கு இருக்கும்னு தோணுது, பூவுக்குப் பூ அதை மடக்கக்கூட மாட்டேங்குது, நீட்டின படியே அடுத்த பூவுக்கு நடக்குது.

பூ மட்டும் இல்ல, இதைச் சொல்லலாமா வேணாமான்னு தெரியல, பறவை எச்சத்துக்கும் வரும். காஞ்சு போன எச்சம் இலை மேல இருக்கும்ல, அது மேல உக்காந்து வயித்தை முன்னாடி வளைச்சு, பின்பக்கமா ஒரு சொட்டுத் தண்ணியை அது மேல விட்டு, எச்சம் கரைஞ்சதும் அந்தத் தண்ணியையே திரும்பி உறிஞ்சிக்கும். உப்புச்சத்தும் மத்த சத்தும் கிடைக்குதுல்ல, பூந்தேன்ல அதெல்லாம் அவ்வளவா கிடையாது. இதை ஐயாகிட்ட காட்டினேன், கேமரா ஸ்கிரீன்ல. நல்லாப் பார்த்துட்டு, "இதுக்குத் தான் ஞாயித்துக்கிழமை பெட்ரோல் போட்டுட்டு வர்றீங்களா"ன்னார்.

அப்புறம் புழு. இங்க தான் மூங்கில் வருது. பாக்குத் தோப்பு பாக்குத் தோப்புன்னு சுத்திக்கிட்டு இருந்தேனே, இந்தப் பூச்சிக்கு பாக்கு மரத்தோட ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்ல. இதோட புழு தின்னறது மூங்கில் இலையும் சில புல்லு வகையும். அதாவது வீடு ஓடை ஓரத்து மூங்கில் பொதர்ல, தோப்புக்கு வர்றது நிழலுக்கும் வெயில் துண்டுக்கும். நான் என்ன பண்ணினேன், ஒருத்தரை டீக்கடையில பார்த்துட்டு இவர் டீக்கடை ஓனர்னு எழுதி வச்சுட்டேன்.

துள்ளிப் புழுக்கள் வெளிய தெரியற மாதிரி உக்காந்து தின்னாது, இலையை மடிச்சோ சுருட்டியோ பட்டு நூலால தைச்சு உள்ள குடியிருக்கும். அந்த மடிப்புக்குள்ள இருக்கறதுல ஒரு சிக்கல், கழிவு சேர்ந்துரும். அதுக்கு இதுக கண்டுபிடிச்ச வழி இருக்கே, அடடா. சில துள்ளிப் புழுக்களுக்கு வாலுகிட்ட சீப்பு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, ரத்த அழுத்தத்தை ஏத்தி, புழுக்கையைக் கவண்கல்லு மாதிரி சுண்டி வெளிய எறிஞ்சிரும். அமெரிக்காவுல சில்வர் ஸ்பாட்டட் ஸ்கிப்பர்னு ஒன்னை வச்சு மார்த்தா வெய்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் 2003-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 4 சென்டிமீட்டர் நீளப் புழு தன்னோட உடம்பு நீளத்துக்கு 38 மடங்கு தூரம், அதாவது ஒன்றரை மீட்டர், எறியுதாம். எதுக்கு இவ்வளவு மெனக்கெடுதுன்னு பார்த்தா, இடம் சுத்தமா இருக்கணும்னு மட்டும் இல்ல, புழுக்கை வாசனையை மோப்பம் பிடிச்சு வேட்டையாடற குளவி வந்துரும். புழுக்கையைப் பக்கத்துல வச்ச கூட்டுக்குக் குளவி தேடித் தேடிப் போனதாம். இதைப் படிச்சுட்டு பொண்ணு ரெண்டு நாள் வீட்டுல பண்ணின அட்டகாசத்தை நான் இங்க எழுதப் போறதில்ல.

எங்களுக்கும் ஒரு புழு வளர்த்துப் பார்க்கணும்னு ஆசை. ஐயாவைக் கூட்டிக்கிட்டு பத்து மணிக்கு மேல ஓடைக்கு இந்தப் பக்கம் பட்டா நிலத்துல இருக்கற மூங்கில்கிட்ட போனோம், ஓடைக்கு அந்தப் பக்கம் ரிசர்வ் காடு, அங்க இலையைக் கிள்ளறது கூட தப்பு. ஒரு மணி நேரம் தேடி, நீளவாக்குல சுருட்டித் தைச்ச ஒரு இலை கிடைச்சுது. லேசா பிரிச்சா உள்ள வெளிர் நிறத்துல ஒரு புழு. ஆட்டமோ ஆட்டம். கிளையோட வெட்டி, தண்ணி பாட்டில்ல செருகி, வலை போட்ட டப்பாவுக்குள்ள வச்சு, தினமும் மூங்கில் இலைக்கு அலைஞ்சேன், கோயமுத்தூர்ல என் ஏரியாவுல மூங்கில் எங்க இருக்குன்னு கேட்டீங்கன்னா இப்ப மேப் போட்டுத் தருவேன். கொஞ்ச நாள்ல அது உள்ள இருந்துகிட்டே வாசலை அடைச்சுக்கிச்சு, இடுக்கு வழியாப் பார்த்தா கூடு பூரா வெள்ளையா அரிசி மாவு தூவின மாதிரி ஒரு மெழுகுப் பொடி. புளியங்கொட்டை வரப் போகுதுன்னு பொண்ணு காலண்டர்ல எழுதி வச்சா.

வந்தது புளியங்கொட்டை இல்ல. காலைல ஸ்கூலுக்குக் கிளம்பற நேரம், டப்பாவுக்குள்ள தலைகீழா தொங்கிட்டு இருந்துது, நாங்க எதிர்பார்த்ததை விட ரெண்டு பங்கு பெருசு, புள்ளியே இல்லாத பழுப்பு, பின் இறக்கை ஓரத்துல மட்டும் வெளிர் மஞ்சள்ல குஞ்சம் வச்ச மாதிரி. திரும்பி எங்களைப் பார்த்துது. கண்ணு ரெண்டும் ரத்தச் செவப்பு. பொண்ணு ரெண்டடி பின்னாடி போயிட்டா. காமன் ரெட்ஐ, அதோட புழுவும் மூங்கில் தான் தின்னும், ஒரே மூங்கில் பொதர்ல ரெண்டும் பக்கத்து வீடு. விடியக்காலை, அந்தி, மேகமூட்டமான நேரம்னு பார்த்து வெளிய வர்றது இதோட பழக்கம், நாங்க அந்த நேரத்துல அங்க இருந்தா யானை தான் எங்களைப் பார்த்திருக்கும், அதனால தான் நாலு மாசத்துல ஒரு தடவை கூட கண்ணுல படல. இதோட சொந்தக்காரன் ஒருத்தன் ஜெயன்ட் ரெட்ஐ, தென்னை மரத்துல வளரும், அந்தப் புழு செவப்பா இருக்கும், மேல பூரா வெள்ளை மெழுகு நூலு தொங்கும், தென்னந்தோப்பு வச்சிருக்கறவங்க பார்த்திருப்பீங்க.

ரெட்ஐயை ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சிருக்க முடியாதுல்ல, அன்னிக்கே லீவு போட்டுட்டு கல்லாறு கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். ஆபீஸ்ல வயித்து வலின்னு சொன்னேன். டப்பாவைத் திறந்து மூங்கில் நிழல்ல வச்சதும் ஒரு பத்து செகண்டு அப்படியே இருந்துது, அப்புறம் எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. புளியங்கொட்டைப் புழு இன்னும் எங்களுக்கு மாட்டல.

இந்த பாப், டார்ட், டீமன், ஃப்ளாட், ஆல், ஸ்விஃப்ட்னு பேரு வச்சிருக்கற அழகைப் பாருங்க, ஏதோ துப்பாக்கி ரெஜிமென்ட் லிஸ்ட் மாதிரி இருக்கு. அதுல ஆச்சரியமும் இல்ல, இந்தியத் துள்ளிகளை உக்காந்து பிரிச்சு ஒழுங்குபடுத்தினதுல பெரிய பங்கு டபிள்யூ.எச். எவான்ஸ்ங்கற ஒரு பிரிகேடியருக்கு இருக்கு, ராணுவ இன்ஜினியர். புளியங்கொட்டைத் துள்ளியை அவர்கிட்ட சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

போன ஞாயித்துக்கிழமை பொண்ணையும் கூட்டிக்கிட்டு போனேன். வண்டியை நிறுத்தறதுக்குள்ள ஐயா வந்துட்டார், முகத்துல ஒரு பெருமை, "அம்முணி, உன்ற புளியங்கொட்டை கிணத்து மேட்டுல உக்காந்திருக்குது, வா காட்டறேன்." நாலு மாசம் முன்னாடி அந்திப்பூச்சின்னு சொன்ன மனுஷன். அவ டீயும் வேணாம் ஒன்னும் வேணாம்னு அவர் கூட ஓடினா, நானும் கேமராவை மாட்டிக்கிட்டு பின்னாடியே போனேன். கிணத்து மேட்டுல புதுசா நட்ட பாக்கு நாத்து, அதோட இலையில பழுப்பா ஒன்னு இறக்கையை மூடிக்கிட்டு உக்காந்திருந்துது. அவ சத்தமில்லாம முட்டி போட்டு, மூஞ்சியைக் கிட்ட கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தா.

"தாத்தா, இது புளியங்கொட்டை இல்ல. சாம்பல் கலரு. புள்ளி கருப்பு."

நான் அந்த காலி ஃபோல்டரை டெலீட் பண்ணாம வச்சிருந்தது நல்லதாப் போச்சு.